மஞ்சள் கொடி இறங்கும் முன்

எங்கள் தெருக்காரர் மனோகரன் அண்ணன் இருபது வருடமாகப் பிறருடைய விசைப்படகுகளில் வலை இழுத்தவர். காசிமேட்டில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முகப்பில் மகள் சௌமியாவின் பெயரை எழுதியிருந்தார். நான் சமையல் வேலை பார்த்த வெளிநாட்டுப் பாய்மரப் படகு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டதும், ஒரு கூடை நண்டோடு தன் படகில் எங்களை நோக்கி வந்தார்.

சுங்கச் சோதனை முடியவில்லை என்று காட்டும் எங்கள் மஞ்சள் கொடி இன்னும் இறங்கவில்லை. அது பறக்கும்வரை யாரும் நெருங்கக் கூடாது.

"கிட்ட வராதீங்கண்ணா, கஸ்டம்ஸ் இன்னும் பாக்கல."

"நண்டு குட்த்தா தப்பா? இந்தா, புடி. கூடைய மட்டும் காலியா அனுப்பாத. உங்களுக்கு ரெண்டு லிட்டரு சரக்கு வரியில்லாம உண்டாமே?"

"அது பயணிக்கு மட்டும்தான். சோதனைக்கு முன்னாடி கை மாறினா கடத்தல்ணா. உங்க படகையே புடிச்சுடுவாங்க."

"போம்மா, ஒரு பாட்லுக்கா? நைனா, நீ குடு!" என்று எங்கள் கேப்டனிடம் கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் காட்டினார்.

நான் தடுப்பதற்குள் கேப்டன் சிரித்துக்கொண்டே ஒரு விஸ்கி பாட்டிலைக் கூடையில் வைத்து இறக்கிவிட்டார்.

துறைமுக வாயிலிலிருந்து சுங்கத்துறை ரோந்துப் படகு வந்துகொண்டிருந்தது. அண்ணன் இன்ஜின் கயிற்றை இழுத்தார். பற்றவில்லை.

"பாட்டிலக் கடல்ல போடுங்கண்ணா!"

"பாத்துகினே வர்றாங்கம்மா."

ரோந்து அதிகாரி தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. ரோந்துப் படகு எங்களைத் தாண்டி அண்ணன் பக்கம் திரும்பியது. அதில் ஒருவர் படகைக் கட்டி இழுக்கும் கயிற்றோடு நின்றார். அண்ணன் முகப்புக்குப் போய் மகளின் பெயர்மேல் கையை வைத்துக்கொண்டார்.