ஐந்துக்கு மூன்று

போன பெப்ரவரியில் மகள் வேலையிடத்து நண்பர்கள் நான்கு பேரோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போனாள். சறுக்குவதற்கென்று சீர்படுத்திய பாதைகளுக்கு அல்ல. அவற்றுக்கும் அப்பால், காவலோ கயிறோ இல்லாத மலைக்கு.

நான் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக் குசினியில் இருந்தபடி அந்த மலையின் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையும் மாலையும் வாசித்தேன். அபாயத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை அளக்கிறார்கள். மறுநாளைக்கு மூன்று போட்டிருந்தது.

"அஞ்சுக்கு மூண்டு எண்டால் பாஸ்தானே," என்றாள் மனைவி.

"இது சோதனைப் புள்ளி இல்லை. நாலெண்டால் சனம் பயந்து வீட்டிலை நிக்கும். மூண்டெண்டால் துணிஞ்சு போய்ப் புதையும்."

"வாசல் பனியிலை ரெண்டுதரம் விழுந்த ஆள் மலைப் பனிக்கு வாத்தியார்."

மூன்றுதரம் விழுந்தேன். அது வேறு கதை. நகரக் கவுன்சிலில் முப்பத்தொரு வருடம் வரைபடம் பார்த்தவன் நான். அவர்கள் ஏறவிருந்த வடக்குச் சாய்வில் மில்லிமீற்றருக்கு ஒரு உயரக்கோடு, அவ்வளவு செங்குத்து. முப்பத்தெட்டுப் பாகை. எச்சரிக்கையின்படி, அடியில் சீனி மாதிரி ஒட்டாத பழைய பனி. மேலே காற்று அடித்து இறுக்கிய புதுப் பனி.

மகள் வீடியோவில் வந்தபோது, தட்டில் சீனியைப் பரப்பி, மேலே ஒரு ரொட்டியை வைத்துச் சாய்த்துக் காட்டினேன். ரொட்டி உடையாமல் முழுசாக வழுக்கி என் மடியில் விழுந்தது.

"சீனியை ஆர் கூட்டிறது?" என்றாள் மனைவி.

"அப்பா, எங்களிட்டைத் தேடுற கருவி இருக்கு, தோண்டச் சவள் இருக்கு, மிதக்கக் காற்றுப்பை இருக்கு," என்றாள் மகள்.

"அதெல்லாம் பனி சரிஞ்ச பிறகு."

"எல்லாரும் போகேக்கை நான் மட்டும் என்னெண்டு சொல்லுறது?"

"ஏலாது எண்டு சொல்லு. மூண்டு எழுத்துத்தான், பிள்ளை."

அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் பின்னேரம் எடுத்தாள். அவளும் இன்னொருத்தியும் சாய்வின் அடியிலேயே திரும்பிவிட்டார்கள். மற்ற மூவரும் ஏறி, சறுக்கி, சுகமாக இறங்கி வந்துவிட்டார்கள்.

"ஒண்டும் நடக்கேல்லை, அப்பா. அப்பாவைக் கேட்டுத்தான் மலை ஏறுவியோ எண்டு அவை பகிடி பண்ணினவை."

"பண்ணட்டும்."

"நீங்கள் பிழை."

"இல்லை."

விட்டுக்கொடுக்கும்படி மனைவி கையால் காட்டினாள். நான் விடவில்லை. மூன்று பேர் சுகமாக இறங்கினார்கள் என்பதற்கு, மூன்று பேர் சுகமாக இறங்கினார்கள் என்பதற்கு மேல் அர்த்தம் இல்லை. சாய்வு அன்றும் முப்பத்தெட்டுப் பாகைதான். சீனியும் அடியில்தான் கிடந்தது. அது ஏன் தாங்கியது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைக் கெட்டித்தனம் என்று ஒப்புக்கொள்ள நான் ஆயத்தமில்லை. என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். மகள் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்; சண்டை பிடிக்க அவள் இருந்தாள்.

"நாளைக்கும் மூண்டுதான் போட்டிருக்கு," என்றேன்.

"பார்த்தனான். அந்தப் பக்கம் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்," என்றாள். "ஆனால் நீங்கள் பிழைதான்."