வீடியோ கேமும் நான் தின்ற ஒப்புட்டும்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பேரைப் பெற்று, ஐவரையும் ஆளாக்கினேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் இதை நானே எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசியில், லாரி ஓட்டிய என் மூத்த மகனுக்குச் சங்ககிரியில் பெண் பார்க்கப் போனோம். சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டில் கை நனைப்போம். பலகாரத்தைத் தொட்டால் சம்மதம் என்று அர்த்தம். அன்று என் தட்டில் வைத்தது ஒப்புட்டு, அதுதான் போளி.

அலமாரியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வீடியோ கேம் இருந்தது. அதுவரை வாய் திறக்காத என் மகன், "இது யாருதுங்க?" என்றான்.

"என்னுதுங்க. அண்ணன் பம்பாய்ல வாங்கிட்டு வந்தது" என்றாள் பெண்.

"முட்டை புடிக்கிறதுங்களா? எங்கிட்ட காரு ஓட்டறது இருக்குதுங்க. அதுதான் ஆட்டம்."

"காரு ஒரே ரோட்டுல போறதுதானுங்க. முட்டை நாலு பக்கமும் உழுவும். ஆடிப் பார்த்துட்டுப் பேசுங்க."

அவன் ஆடித் தோற்றான். அவள் சிரித்தாள். எது உசத்தி என்று இருவரும் வழக்காடினார்கள். இது துடுக்கா, வெகுளியா? கோபப்படுவதா, சிரிப்பதா? ஒன்றும் புரியாமல் அந்தப் பெட்டியையே பார்த்திருந்தேன்.

கூட வந்த நாத்தனார் என் தொடையைக் கிள்ளி, காதோரம் சொன்னாள்: "ஏனுங்க அண்ணி, போலாம்னு நான் கண்ணு காட்டறேன், நீங்க ஒப்புட்டுத் தின்னுட்டிருக்கறீங்க?"

குனிந்து பார்த்தேன். தட்டில் பாதிதான் இருந்தது. பெண்ணின் அம்மா அதற்குள் முகம் மலர்ந்து நெய்க்கிண்ணத்தோடு வந்துவிட்டார். வைத்த கையைப் பின்னால் இழுக்கிறவள் இல்லை நான்.

"இன்னொண்ணு வைங்க" என்றேன்.

தெரியாமல் தின்றேனா, மனசு முந்திக்கொண்டதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சாமி, அப்பத்தா எழுதினது சரியா இருக்குதான்னு ஒருக்கா படிச்சுக் காட்டு. உங்கம்மா காதுல உழுகாம மெதுவாப் படி.