ஜாஸ்பின் அழித்த வரி

தேங்காய்ப்பட்டணத்தில் ஜாஸ்பினைத் திமிர் பிடித்தவள் என்று சொல்லாத ஆள் குறைவு. நான் அடுத்த வீட்டுக்காரி. எனக்கும் அதில் மறுப்பில்லை. அந்தத் திமிர் இல்லாவிட்டால் அவள் இன்றைக்கும் மீன் வியாபாரி ஜேசுதாஸின் கடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

விஷயம் இதுதான். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் அங்கிருந்தே போனில் மீனுக்கு ஆர்டர் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு அது இங்கே அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேரும். துறைமுகத்தில் பார்த்து வாங்குவது, வெட்டிக் கழுவி ஸ்கூட்டரில் கொண்டு கொடுப்பது எல்லாம் ஜாஸ்பின். ஆனால் இணையத்தில் கடை ஜேசுதாஸுடையது. அதில் ஒரு மூலையில் அவளுக்கு ஒரு பக்கம். டொமைன் என்கிறார்களே, அப்படித் தன் பெயரில் ஒரு முகவரி வாங்கி, அதைத் தட்டினால் அந்தப் பக்கம் திறக்கும்படி வைத்திருந்தாள்.

ஒருநாள் அவள் வெட்டிய நெய்மீனைப் படமெடுத்துப் போட்டு, 'எங்கள் பெண்கள் கழுவித் தருவது' என்று எழுதினார் ஜேசுதாஸ்.

"யாருக்க பெண்கள்?" என்று நேரே போய்க் கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது.

சொந்தமாக ஒரு இணையதளம் செய்தாள். தன் முகவரியை அதற்குத் திருப்ப, டொமைன் அமைப்பில் புது வரி ஒன்றைச் சேர்த்தாள். ஜேசுதாஸின் கடைக்குப் போகும் பழைய வரியை அழிக்காமல் விட்டுவைத்தாள். கடற்கரைப் பிள்ளை, புதுக் கயிறு இறுகிப் பிடிக்கும்வரை பழைய கயிற்றை அவிழ்க்கிற வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது.

அதுவே வினையாயிற்று. ஒரே பெயருக்கு இரண்டு வழி. பாதிப்பேர் இவளிடம் வந்தார்கள், பாதிப்பேர் ஜேசுதாஸ் கடையில் போய் நின்றார்கள். இந்தக் குழப்பத்தில் தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழும் கிடைக்கவில்லை. இவளிடம் வந்தவர்களின் போனில், 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று எச்சரிக்கை. பிறகு பணம் கட்ட யாருக்கு மனசு வரும்?

சனிக்கிழமை காலை, ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் ஜேசுதாஸ் சொன்னார்: "ஏட்டி ஜாஸ்பினே, போனே சொல்லுது நீ கள்ளின்னு. பேசாம எனக்க கடைக்கே வா."

"வரமாட்டேன் அண்ணே. நாளைக்கு ஒரு மீனு விக்கலேன்னாலும் வரமாட்டேன்."

வீட்டுக்கு வந்ததும் டொமைன் விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டாள். பழைய வரியை அழித்தால்தான் சான்றிதழ் கிடைக்கும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் ஒரு தடவை கைவிட்டுப் போனால் அந்த வாடிக்கை திரும்புமா?

"அழிச்ச பெறவு புதுசு பிடிக்கலேன்னா என்னட்டி செய்வ?" என்றேன்.

"தலையில சுமந்து விப்பேன் யக்கா. அந்த ஆளுக்க வாசல்ல போயி நிக்கமாட்டேன்." சொல்லிக்கொண்டே அழித்துவிட்டாள்.

மத்தியானம் சான்றிதழ் வந்தது. எச்சரிக்கை போய்விட்டது. சவுதியில் தம்மாமிலிருந்து ஆன்ஸ்லின் என்பவர் தன் அம்மாவுக்குச் சாளை மீன் சொல்லியிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக மற்றவர்கள். நான் அழுதேவிட்டேன், அவள் அழவில்லை.

சாயங்காலம் ஜேசுதாஸ் அழைத்தார். ஜாஸ்பின் ஸ்பீக்கரில் போட்டாள்.

"மக்கா, எனக்க கடைக்கு எப்பவும் வாற ஆளுவ ஒருத்தரையும் இன்னைக்குக் காணலியே. சைட்டு கெட்டுப்போச்சா?"

"சைட்டுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. அவங்க எனக்க பேரை அடிச்சு வாற ஆளுவ. இவ்வளவு நாளும் நாந்தான் ஒங்களுக்கு அனுப்பிட்டு இருந்தேன்."

ஜாஸ்பின் போனை வைத்துவிட்டு ஐஸ் பெட்டியைக் கழுவப் போனாள்.