செக்கிங் அக்காவின் கட்டைக்கெளுத்தி

சட்டை தைக்கும் ஆலையின் வாசலில் வேலை முடிந்து போகிற பெண்களின் பைகளைத் திறந்து பார்ப்பதுதான் அவள் செய்துவந்த வேலை. நூல்கண்டு, பட்டன், ஜிப், சில நாள் முழுச் சட்டையே கூட அகப்படும். சாப்பாட்டு டப்பாவில் சோற்றுக்கு அடியில் லேஸ் சுருளை வைத்துக் கொண்டுபோன ஒருத்தியை, அவள் டப்பாவைப் பிடித்திருந்த தினுசை வைத்தே பிடித்தவள். ஆலையை ஒருநாள் மூடினார்கள். வேலை போனது. ‘செக்கிங் அக்கா’ என்ற பெயர் மட்டும் போகவில்லை. சந்தேகமும் அப்படித்தான், கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

வீட்டில் அவள், பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர், கணவரின் தங்கை. நாத்தனார் கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். இரண்டு பெண்களும் ஒரே சமையலறையில் இருந்தால் பாத்திரம் பறக்கும் என்று அக்கம்பக்கத்தார் காத்திருந்தார்கள். பறக்கவில்லை. மாடியறையில் கண்ணாடித் தொட்டிகளை அடுக்கி, இருவரும் வண்ணமீன் வளர்க்க ஆரம்பித்தார்கள்.

முதலில் எல்லாரும் வளர்க்கிற மீன்களைத்தான் வளர்த்தார்கள். எல்லாரிடமும் இருப்பதை யார் வாங்குவார்கள்? அப்போதுதான் வெளிநாட்டு மீன்களை விமான நிலையத்தில் இறக்கி விற்கிற ஏர்போர்ட்காரர், யாரும் எடுக்காத ஒரு பையை அவள் தலையில் கட்டினார். பையின் மேல் ‘டாட்டியா’ என்று எழுதியிருந்தது. தென் அமெரிக்க ஆறுகளில் மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகளின் வெடிப்புகளுக்குள் வாழும் கெளுத்தி இனம். உள்ளங்கைக்குள் அடங்கும். வெள்ளை உடம்பில் தேன்கூட்டைப் போலக் கறுப்புக் கோடுகள்.

“அழகுதான்க்கா. ஆனா பகல்ல கண்ணுலயே படாது. கட்டைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். காசு குடுத்து யாரு கட்டையப் பாத்துட்டு உக்காந்திருப்பா?”

“ஒளியறத எல்லாம் எங்கிட்ட விடுங்க” என்றாள் செக்கிங் அக்கா.

அந்த மீன் அவள் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தியது. கட்டைகளில் துளை போட்டு, தண்ணீரின் பதம் பார்த்து, கொசுப்புழு போட்டு, குஞ்சு எடுத்துவிட்டாள். ஊரில் வேறு யாராலும் முடியவில்லை. முடியாததற்குக் காரணமும் அவள்தான். வெளியே போகிற மீன்கள் அத்தனையும் பெண். ஆண் ஒன்றுகூடப் படியிறங்காது. ஆணுக்கு வயிற்றுப் பக்கத்துத் துடுப்பு விரல் நீட்டியது போல ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். பெண்ணுக்கு விசிறிபோல விரிந்திருக்கும். இந்த வித்தியாசம் வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. பெரிய பெரிய மீனாகக் கொடுக்கிறாளே என்று சந்தோஷமாக வாங்கிப் போவார்கள். இந்தத் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை. விற்றவனிடமே திரும்பி வரவேண்டும் என்றால் ஜோடி சேர்த்து விற்கக் கூடாது.

ஆண் எது, பெண் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த வீட்டில் இரண்டே பேர். அண்ணி, நாத்தனார்.

ஒருநாள் வழக்கமாக மீன் வாங்கும் ஒருவர் படியேறி வந்து, மூச்சு வாங்குவதற்கு முன்பே சொன்னார்: “அக்கா, மூக்குக்கண்ணாடி கடையில உங்க மீன் குஞ்சு பொரிச்சிருக்கு. நானே பாத்தேன்.”

மூக்குக்கண்ணாடி என்பது கடைத்தெருவில் வண்ணமீன் கடை வைத்திருப்பவர். கண்ணாடியை மூக்கில் போடாமல் நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆசாமி. செக்கிங் அக்கா ஒன்றும் தெரியாதவள் போல அவர் கடைக்குப் போனாள். மீன் உணவு வாங்குவது போலப் பாவனை. கண் மட்டும் தொட்டிகளில். மூலைத் தொட்டியில், கட்டையின் வெடிப்பில், நகக்கண் அளவுக்குக் கறுப்பு வெள்ளைக் குஞ்சுகள்.

“எப்படிங்க இது?”

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “தொழில் ரகசியம்க்கா.”

“ஆம்பள மீன் எங்கேருந்து கெடைச்சுது?”

“அதெல்லாம் ஒரு ஏற்பாடு.” சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்தக் கடைக்கு மீன் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் யார்? நாத்தனார். ஆணைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவள் யார்? நாத்தனார். இவள் உள்ளே நுழைந்தால் செல்போனைக் கவிழ்த்து வைக்கிறாளே, எதற்கு? கொஞ்ச நாளாகப் பெரிய சிவப்புத் தண்ணீர் பாட்டில் ஒன்றை எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு போகிறாளே, அதற்குள் என்ன? உள்ளே இருப்பது தெரியாத பாட்டில். வாய் அகலம். கட்டைக்கெளுத்தி ஒன்று தாராளமாகப் போகும். தண்ணீரோடு, உயிரோடு.

வீட்டுக்கு வந்ததும் ஆண் மீன்களை எண்ணிவிடலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இந்த மீனை எண்ணுவது லேசான காரியமா? கட்டையை அசைத்தால் துடுப்பு முள்ளை விரித்து வெடிப்பில் ஆப்பு அடித்ததுபோல இறுகிக்கொள்ளும். கட்டையை வெளியே எடுத்துக் கவிழ்த்தாலும் விழாது. இந்தத் துளையில் இருப்பது ஒன்றா, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டா? முதல் தடவை எண்ணியபோது குறைந்தது. மறுபடி எண்ணினாள், கூடியது. மூன்றாம் தடவை எண்ணியதை அவளே நம்பவில்லை. இத்தனை நாள் சரியான கணக்கு இருந்திருந்தால்தானே குறைந்தது என்று சொல்ல முடியும்? கணக்கு இல்லாத இடம் சந்தேகத்துக்கு நல்ல வசதி.

“என்ன அண்ணி, வீட்டையே பொரட்டிப் போட்டுட்டீங்க?” நாத்தனார் கதவைத் தள்ளித் திறந்து வாசலில் நின்றாள்.

“சுத்தம் பண்றேன்.”

“நேத்துதானே பண்ணேன்?”

“நேத்து நீ பண்ணே. இன்னைக்கு நான் பண்றேன்.”

நாத்தனார் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். சும்மா போனாளா, பயந்து போனாளா? செக்கிங் அக்கா அந்த நடையையும் குறித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் கண் நாத்தனாரின் கையை விட்டு நகரவில்லை. மீன் பிடிக்கும்போது பக்கத்தில் நின்றாள். பை கட்டும்போது எட்டிப் பார்த்தாள். கணவரிடம் சாடையாகச் சொல்லியும் பார்த்தாள்.

“உங்க தங்கச்சிக்கு இப்பல்லாம் தாகம் ஜாஸ்தி.”

“வெயில் அப்படி” என்றார் அவர். வேன் ஓட்டி ஓட்டிப் பின்னால் நடக்கிற கூச்சல் எதுவும் காதில் ஏறாத மனிதர்.

ஒரு மத்தியானம் நாத்தனார் குளிக்கப் போயிருந்தாள். சிவப்புப் பாட்டில் மேசைமேல் இருந்தது. செக்கிங் அக்கா மூடியைத் திறந்து மூக்கை வைத்தாள். மீன் வாடை அடித்தது. அடிக்காமல் என்ன செய்யும்? அந்த வீட்டில் தலையணையில்கூட மீன் வாடைதான். அது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

“அண்ணி, என் பாட்டில மோந்து பாக்குறீங்களா?”

தலையில் துண்டோடு நாத்தனார். மூடியும் கையுமாக இவள்.

“ஆமா. பாக்குறேன். ஆம்பள மீன எப்படிக் கொண்டுபோய்க் குடுத்தேன்னு பாக்குறேன்.”

“யாருக்கு?”

“நடிக்காதே. மூக்குக்கண்ணாடிக்கு. அவரே சொல்லிட்டாரு, ஏற்பாடுன்னு.”

“அந்த ஆளு சொன்னா நம்பிடுவீங்க. நான் சொன்னா?”

“நீ இன்னும் ஒண்ணுமே சொல்லலியே.”

நாத்தனாரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. “திருடல அண்ணி. இதுக்கு மேல என்ன சொல்லணும்?”

செக்கிங் அக்காவின் குரலோ ஏறிக்கொண்டே போனது. பேச்சு அறையைத் தாண்டி மாடிப்படிக்கு வந்துவிட்டது. அங்கே நின்று அவள் சொன்ன ஒரு வார்த்தை, கீழ்வீடு, எதிர்வீடு, வேனைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர், எல்லார் காதிலும் விழுந்தது. “வீட்டுக்குள்ளயே திருடிய வச்சுக்கிட்டு நான் வெளியில பூட்டு போட்டிருக்கேன்!”

வந்த அதே பெட்டியோடு நாத்தனார் கிளம்பிப் போனாள். கணவர் தடுத்துப் பார்த்தார். “விடுண்ணே, நான் இருந்தா உன் பொண்டாட்டிக்குத் தூக்கம் வராது” என்று சொல்லிவிட்டாள். ஒரு சிநேகிதியின் அறையில் தங்கினாள். அடுத்த சேதி வந்தபோது செக்கிங் அக்கா தொடையில் தட்டிக்கொண்டாள். நாத்தனார் வேலைக்குச் சேர்ந்திருப்பது மூக்குக்கண்ணாடி கடையில்!

“பாத்தீங்களா? இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

கணவர் தட்டைத் தள்ளிவைத்தார். “நீதானே தொரத்துனே? மீன் வேல மட்டும் தெரிஞ்சவ மீன் கடைக்குப் போகாம எங்க போவா?” அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் வீட்டில் வாய் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான்.

தனியாக வேலை பார்ப்பது முதுகை ஒடித்தது. சந்தேகமோ ஓய்வு எடுக்கவில்லை. அடுத்து விற்க வேண்டிய பெண் மீன்களை மாடியில் விட்டுவைக்க மனம் வரவில்லை. பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றின் துடுப்பையும் வெளிச்சத்தில் பார்த்து, சமையலறை மேடைமேல் புதிதாக ஒரு தொட்டி வைத்து அதில் விட்டாள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர அவள் பார்வையிலேயே இருக்கும். வாங்குவதாகச் சொன்னவர் இன்று நாளை என்று இழுத்தடித்தார். வாரங்கள் ஓடின.

ஒருநாள் தொட்டியைத் துடைக்கக் கட்டையை வெளியே எடுத்தாள். துளைக்குள், ஜவ்வரிசி வெந்ததுபோல, கண்ணாடியாக முட்டைகள்.

“என்னங்க! இங்க வாங்க! இந்தத் தொட்டியில ஏதாவது மீன் கொண்டாந்து போட்டீங்களா?”

“நான் கொழம்புல உப்பு போட்டாலே உனக்குப் புடிக்காது. மீனா போடுவேன்?”

“சிரிக்காதீங்க. ஆம்பளை இல்லாம முட்டை சும்மா வரலாம். சும்மா வந்தா அழுகிடும். பாப்போம்.”

அழுகவில்லை. முட்டைக்குள் கறுப்பாக ஏதோ துடித்தது. அவள் மீன்களை ஒவ்வொன்றாக வலையில் எடுத்து மறுபடி பார்த்தாள். விசிறி, விசிறி, விசிறி. எல்லாம் பெண். குஞ்சுகள் வெளிவந்து கட்டையை மொய்த்தபோது, யாரைச் சந்தேகப்படுவது என்று சுற்றிலும் பார்த்தாள். அடுப்புதான் இருந்தது.

ஏர்போர்ட்காரருக்குப் போன் போட்டாள்.

“அட, அது அப்படித்தான்க்கா. இந்த வகையில ஆணோட விந்து பொண்ணு வயித்துக்குள்ளயே போயிரும். ஒருதடவை ஆணோட சேந்துட்டா, பொண்ணு அத வயித்துலயே பத்திரமா வச்சுக்கும். எப்பவோ தோதுப்பட்டப்ப முட்டை போடும். ஆணு பக்கத்துல இருக்கணும்னே இல்ல. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. எப்படித் தெரியும்? பெண்ணைத் தனியே பிரித்த கையோடு விற்றுவிடுவாள். விற்ற பிறகு அது என்ன செய்தது என்று அவள் பார்த்ததே இல்லை. வாங்கியவர்களில் பலர் கட்டைக்குள் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்; முட்டையை மற்ற மீன்கள் தின்றிருக்கும். மூக்குக்கண்ணாடி கடையில் தப்பிவிட்டது. ஒரு ஆண்கூடப் படியிறங்காமல் காவல் காத்தாள். ஆனால் ஆண் கொடுத்ததைப் பெண்ணின் வயிற்றில் வைத்து, பை கட்டி, நூல் சுற்றி அனுப்பியது அவளே.

அவள் போனை மேடைமேல் வைத்தாள். பிறகு கணவரிடம், “வண்டிய எடுங்க” என்றாள்.

கடைக்கு எதிரே வேன் நின்றது. அவள் மட்டும் இறங்கிப் போனாள். நாத்தனார் முழங்கை வரை தொட்டிக்குள் விட்டிருந்தாள். நிமிரவில்லை.

“வாங்க அண்ணி. என்ன வேணும்? புழு புதுசா வந்திருக்கு.”

“நீ குடுக்கல.”

“எத?”

“ஆம்பள மீன. நீ குடுக்கல. பொண்ணே உள்ள வச்சிருந்திருக்கு. ஆணு இல்லாமயே முட்டை போடும். என் அடுப்பங்கரையிலயே போட்டிருச்சு.”

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடி இரண்டு தொட்டி தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். இது நாளைக்கே கடைத்தெரு முழுக்கப் போகும். வாங்கி வைத்திருப்பவன் எல்லாம் கட்டைக்குள் எட்டிப் பார்ப்பான். திரும்பத் திரும்பத் தன்னிடமே வந்தவர்கள் இனி வரமாட்டார்கள். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாத்தனார் கையை வெளியே எடுத்தாள். நீர் சொட்டச் சொட்டத் திரும்பியது கடைக்காரர் பக்கம். “சார், ஏதோ ஏற்பாடுன்னு சொன்னீங்களாமே?”

மூக்குக்கண்ணாடி நெற்றியைத் தடவினார். “ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. காலையில வந்து பாத்தேன், குஞ்சு இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாதுன்னு வாடிக்கைக்காரங்ககிட்டயா சொல்ல முடியும்?”

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அண்ணியைப் பார்த்தபோது அதன் மிச்சம்கூட முகத்தில் இல்லை.

“இவரு தெனமும் கேக்குறாரு, ஆணு எது பொண்ணு எதுன்னு. நான் இன்னும் சொல்லல. நம்புறீங்களா?”

செக்கிங் அக்காவின் கண் தன்னை அறியாமல் மூலைத் தொட்டிக்குப் போய், கடைக்காரரிடம் போய், திரும்பி வந்தது. “நம்புறேன்” என்றாள்.

“சுத்திப் பாத்துட்டுத்தான் சொல்றீங்க.”

“பழக்கம்டி. ஒரே நாள்ல போகாது. வீட்டுக்கு வா.”

“மாசக் கடைசி வரைக்கும் இங்கதான். பேச்சு குடுத்துட்டேன், இவரு பாவம். அப்புறம் வர்றதா வேணாமாங்கறது உங்க கையில.” வலையை உதறினாள். “அன்னைக்கு மாடிப்படியில நின்னு சொன்னீங்களே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி. எங்கண்ணன் வண்டியிலதானே இருக்கான்? அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க.”

செக்கிங் அக்கா தெருவைக் கடந்தாள். வேன் ஜன்னல் ஓரம் நின்று, தொண்டையைச் செருமி, ஏதோ ரகசியம்போலச் சொன்னாள். “உங்க தங்கச்சி திருடல.”

கடைப்படியில் நாத்தனார் ஈரக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “கேக்கல அண்ணி!”

“உங்க தங்கச்சி திருடலைங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

“இன்னும் கேக்கல!”

டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்கூட்டரில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். செக்கிங் அக்கா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னாள்.