மேல்மாடி ஜன்னலில் அசைந்த கை

தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது எருக்கலம்பிட்டியை விட்டு உம்மாவின் இடுப்பில் புத்தளம் வந்த பிள்ளைதான் கைருன்னிஸா. மீன் யாவாரி செய்னுலாப்தீனுக்கு மகள் வழிப் பேத்தி. கட்டினது கற்பிட்டி இஸ்ஹாக்கை. புருஷனும் பெண்சாதியும் உப்பளத்தில்தான் வேலை. வெயிலுக்கு, இடுப்பில் கட்டிப் பழசான நீலக்கட்டச் சாரத்தைத் தலையில் போட்டுத் தோளோடு இழுத்துவிடுவது இஸ்ஹாக்கின் பழக்கம்.

கொரோனா நேரம் அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். உள்ளே போக யாருக்கும் அனுமதியில்லை.

"அஸர் தொழுகைக்குப் பிறகு றோட்டுக்கு வா. ஜன்னலால கை காட்டுறன்" என்று, அறை கொடுக்க முந்திப் போனில் சொன்னான். அதோடு போனும் அடங்கிப்போச்சு.

அவள் போய் மதிலோரம் நின்றாள். மேல்மாடியில் தலைக்கு நீலக்கட்டச் சாரம், முகத்துக்கு மாஸ்க். கை அசைந்தது. இவளும் அசைத்தாள். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அப்படித்தான். மகள் ஃபஹ்மியாவின் புதுச் சட்டையைக்கூடத் தூக்கிக் காட்டினாள்.

ஒருநாள் காலையில் இஸ்ஹாக் இறந்துவிட்டான் என்று மௌத்துச் செய்தி வந்தது. விழுந்தடித்து ஓடினாள். முகம் காட்டவில்லை. மையத்தை அடக்கவென்று தூரத்து மண்ணுக்கு ஏற்றிவிட்டார்கள் என்றார்கள். மதிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், மேலே அந்த நீலச் சாரம் கை காட்டுகிறது!

இஸ்ஹாக் கிடந்தது றோட்டுப் பக்கம் இல்லை, பின்னால் களப்புத் தண்ணீரைப் பார்த்த அறையில் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கெல்லாம் வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது.

மாசங்கள் கழித்துக் கருவாட்டுப் பொட்டலத்தோடு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். உடப்புக் காத்தமுத்து, கடல் தொழிலாளி.

"அக்கா, மேல இருந்து சாரம் போர்த்திக் கை காட்டினது நான்தான். பாதை பூட்டினதால எங்கட ஆக்கள் வரேல்ல. அப்ப நீங்க ஆரெண்டும் தெரியாது, பிறகு விசாரிச்சுத்தான் வாறன். உங்கட கையைப் பாத்துத்தான் சோறு திண்டன்."

கோபிக்கவும் முடியவில்லை, போங்க என்று சொல்லவும் மனம் வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

பிறகு, கொரோனா மாதிரி அடுத்த பெருவருத்தம் வந்தால் சமாளிக்க அந்த வார்டைத் திருத்தப் போகிறார்கள், மதரசா மண்டபத்தில் கூட்டம் என்று கதை வந்தது. எல்லா அறைக்கும் பார்க்கக்கூடிய கண்ணாடி வேணும் என்று கேட்க வெளிக்கிட்டாள். ஊர்ப் பெரியவர் ஸலாஹுதீன் ஹாஜியார் மறித்தார்.

"கூட்டத்தில எழும்பாத மகள். கொழும்புப் பெரிய ஆளுக்கிட்டக் காதோட காதாச் செல்லுறன். உண்ட புள்ளைக்கு முட்டு வருத்தம்தானே? றோட்டுப் பக்கத்து அறையொண்டு அவளுக்கெண்டு ஈக்கும்."

ஃபஹ்மியாவின் மூச்சு இழுக்கும் சத்தம் காதில் கேட்டது. சும்மா இருந்தால் பிள்ளை தப்பும்.

"களப்புப் பக்கம் கிடக்கிற ஆக்களுக்கு, ஹாஜியார்?"

"எல்லாருக்கும் கேட்டா ஒருத்தருக்கும் கிடைக்காது."

கூட்டத்தில், முன்னால் இருந்த பெரிய டொக்டரைப் பார்த்து அவள் எழும்பினாள். "டொக்டர், மறைச்ச கண்ணாடி வேணாம். எந்த அறையிலயும் வேணாம்."

"அப்ப ஜன்னலுக்குத் திரைச்சீலையும் தைச்சுத் தரட்டாமோ?" என்று ஒருத்தன் பகிடி விட, சனம் சிரித்தது.

"திரைச்சீலையும் வேணாம் தம்பி. எண்ட மனுசன் அப்படி மறைச்ச அறைக்குள்ளதான் மௌத்தாப்போனார்."

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் காத்தமுத்து எழும்பினார். அவர் பக்கத்தில் அவர் பெண்சாதி பாக்கியம்மா. பிறகு சனம் எழும்ப எழும்பக் கதிரைகள் ஒவ்வொன்றாக அரக்கிற சத்தம்.

கண்ணாடி வந்தது, எல்லா அறைக்கும். ஃபஹ்மியாவுக்கென்று அறை ஒதுக்கவில்லை. ஹாஜியார் முகம் கொடுத்துக் கதைப்பதுமில்லை.

இப்பவும் உப்பளம் விட்டு வரும்போது கைருன்னிஸா றோட்டுப் பக்கம் நிற்பதில்லை. சுற்றிக்கொண்டு களப்புப் பக்கம் போகிறாள். வார்டு வெறுமையாய்க் கிடக்கிறது. கண்ணாடியில் களப்புத் தண்ணீர் மினுங்குகிறது. அங்கே நின்று, தலைச்சீலையைச் சரிசெய்துகொண்டு, கையைத் தூக்குகிறாள்.