குங்குமம் பட்ட கம்பி

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், ர, ற இரண்டும் இன்னும் தடுமாறும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அணுபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கருவிகளுக்குத் திரவ ஹீலியம் நிரப்புவது என் வேலை. ஊரப்பாக்கத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மாங்கனீசு ஆக்சைடில் கறுப்பு வில்லை செய்து, அதைக் கடுங்குளிரில் வைத்துக் காந்தப்புலம் ஏற்றிப் பார்ப்பாள். ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் வில்லை சட்டென்று காந்தமாக மாறும். புலத்தை எடுத்துவிட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பாது என்பது அவள் கட்சி.

ஆயுத பூஜை முடிந்து வந்த முதல் நாளே முடிவு அப்படித்தான் வந்தது. துள்ளினாள். அவளுக்கு வழிகாட்டும் சார், வில்லை மாட்டும் கம்பியை வெளியே எடுக்கச் சொன்னார். நுனியில் சந்தனம், குங்குமம்.

"எல்லாரும் மெஷினுக்குத்தாம்மா பொட்டு வெப்பாங்க. நீ கம்பிக்கே வெச்சிருக்கியே!"

"அதுவும் பாவம் வேலை செய்யுதேன்னு வெச்சேன் சார்."

"குங்குமத்துல துளி இரும்பு இருந்தா போச்சு. வில்லை பேசுதா, உன் பொட்டு பேசுதான்னு எவன் கண்டான்? கழுவிட்டு மறுபடி எடு. அப்பவும் திரும்பலன்னா ஒத்துக்கறேன்."

குளிரவைக்க ஹீலியம் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது. அடுத்தது வருவதற்குள் அவளுக்கு இங்கே கொடுத்த காலம் முடிந்துவிடும்.

கம்பியைத் துடைத்தாள். வில்லையைச் சூடாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி குளிரவைத்தாள். என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போவேன், உப்புக்காற்று அடிக்கும், திரும்பி வந்து ஹீலியம் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று பார்ப்பேன்.

"இன்னாண்ணா, குறுக்கயும் நெடுக்கயும் நடந்துகினே கீறீங்க? ஒரு எடத்துல குந்துங்கண்ணா" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தேன்.

புலம் ஏறியது, திரையில் வில்லையின் காந்த அளவைக் காட்டும் கோடு ஓரிடத்தில் துள்ளியது. புலத்தைச் சுத்தமாக இறக்கி, மறுபடி ஏற்றினாள். கோடு முதலில் போன வழியைத் தொடவே இல்லை; மேலாகவே போனது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வில்லைதாம்மா."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "திரும்பலண்ணா!"

காலி உருளையைத் தள்ளிக்கொண்டு போனேன். வீடு இருக்கும் கருங்குழி வரை பஸ்ஸில் சீட் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அன்றிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்து, இப்போதுதான் எழுதி முடித்தேன்.

ஐப்பசி, தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை.