ஜிசோவின் மூடிய கண்கள்

கல்லுடைக்கும் யசோஜியின் தம்பி மாகோசோ, மலைச்சரிவில் இரும்பு ஆப்பு இறக்கிக்கொண்டிருந்தபோது பாறை பிளந்து அவன் மேலேயே சாய்ந்தது. ஊரே சேர்ந்து நெம்பியும் அசையவில்லை. உடலை எடுக்க வழியில்லாததால், இறந்தவர்களுக்கு வழிகாட்டும் ஜிசோ சாமியை அந்தப் பாறையிலேயே செதுக்கத் தொடங்கினான் யசோஜி.

உளியைக் கீழே வைத்தால் போதும், பாறைக்கு அடியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்கும். அது தம்பியின் கை என்று அவனுக்குத் தெரியும். கண்ணைக் கடைசியில்தான் செதுக்குவார்கள். சாமி கண் திறந்ததும் இறந்தவர் புறப்பட்டுவிடுவார். அதனால் வருஷக்கணக்காக உடையின் மடிப்புகளையே இழைத்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே, உங்க சாமி இன்னும் தூங்குதா?" என்று சீண்டினான் கூட வேலை செய்யும் ரோகுதா.

யசோஜியின் மனைவி கிசா சிரிக்கவில்லை. தினைக்கஞ்சியை வைத்துவிட்டு, "அவனப் பிடிச்சு வச்சிருக்கிறது பாறை இல்லீங்க, நீங்கதான். பாவம், விட்ருங்க" என்றாள்.

அன்று மாலை இரண்டு கண்களையும் செதுக்கி முடித்து, பாறையில் காதை வைத்தான் யசோஜி. ஒரு சத்தமும் இல்லை. வெளிச்சம் மங்கும்வரை காத்திருந்தான். பிறகு சுத்தியலை எடுத்து, தம்பி தட்டுவதைப் போலவே தானே தட்டத் தொடங்கினான்.